எட்டுக் கிலோப் பூனை

ஜூலை 6

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நானும் என் ஹெல்மெட்டும் பூட்ஸும் சௌக்கியம். அங்கே பூனை, நீங்கள், அண்ணன் மூன்று பேரும் சௌக்கியமா? யாரை முதலில் விசாரித்தேன் என்று அண்ணனிடம் சொல்லிக் காட்ட வேண்டாம்.

பாலம் கட்டும் இடம் நான் நினைத்ததைவிட அநாதையாக இருக்கிறது. ஆறு, பாறை, வேலைக்கு வந்த நாங்கள், அவ்வளவுதான். தகரப் பெட்டி மாதிரி ஓர் அறை. ஒரு பாதியில் நான் தூங்குகிறேன், மறு பாதியில் கான்கிரீட்டை நசுக்கிப் பார்க்கும் மெஷின். போன் சிக்னல் வேண்டுமென்றால் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நிற்க வேண்டும். அதனால் இந்த வருஷம் கடிதம்தான். "போன்ல பேசினா நீதான் பேசுவே, நான் 'ம்' கொட்டணும். லெட்டர்னா எனக்கும் ஒரு முறை வரும்ல" என்று சொன்னீர்களே, உங்கள் ஆசை நிறைவேறிவிட்டது.

கிளம்பும் அவசரத்தில் பூனையை உங்கள் வாசலில் இறக்கிவைத்துவிட்டு டாக்சியில் ஏறிவிட்டேன். கதவு தானாகச் சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுக்கும் கல் என்று அண்ணன் நினைத்திருப்பான். கல் இல்லை, கான்கிரீட் கியூப். ஒவ்வொரு முறை கான்கிரீட் போடும்போதும் கொஞ்சம் எடுத்து இப்படிச் சதுரமாக வார்த்து, இறுகியதும் மெஷினில் நசுக்கி, எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று பார்ப்பது என் பிழைப்பு. இந்த ஒன்று மட்டும் எப்படியோ தப்பித்து, எங்கள் பழைய லேப்புக்குப் பின்னால் மதில் மேல் வருஷக்கணக்கில் கிடந்திருக்கிறது. ஒரு நாள் பார்த்தால் அதன் தலையில் பாதி எலுமிச்சம்பழம் அளவுக்குப் பாசி. காலை வழுக்கிவிடும் பாசி இல்லை. மெத்தை மாதிரி திரண்டு நிற்கும் பாசி. ஒவ்வோர் இலை நுனியிலும் வெள்ளி முடி. காய்ந்திருக்கும்போது தடவினால் பூனை முதுகேதான். மதில் மேல் இருந்ததால் பெயர் வைக்க நான் அதிகம் யோசிக்கவில்லை.

நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் போய் நான் சொல்லித்தரவா? ஆஸ்பத்திரியில் உள்ளங்கை அளவு பிள்ளைகளையே தேற்றி வீட்டுக்கு அனுப்புகிற கை அது.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்லவும்.

உங்கள் நாத்தனார்,
வாயாடி


ஜூலை 29

வாயாடிக்கு அண்ணியின் அன்பு.

இங்கே எல்லோரும் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? சாப்பிடுகிறேன் என்று எழுதினால் நம்பமாட்டேன், என்ன சாப்பிட்டாய் என்று எழுது.

உன் பூனை வந்த அன்று சாம்பல் நிறத்தில், சுருண்டுபோய், தொட்டால் உதிரும் போல இருந்தது. எனக்குப் பகீரென்றது. நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொன்ன பெண் திரும்பி வந்து கேட்டால் என்ன பதில் சொல்வது? உன் அண்ணனிடம் சொன்னேன். "கண்ணாடிக்கடை வச்சிருக்கிறவன் வீட்டுல கண்ணாடிக்கா பஞ்சம்?" என்று மறுநாளே ஒரு பெட்டி செய்துகொண்டு வந்துவிட்டார். ஓரமெல்லாம் மழமழவென்று தேய்த்து, மூலையெல்லாம் பசை வைத்து அடைத்து, மேலே ஒரு மூடி. "எறும்பை விடு, காத்துகூட உள்ள போவாது" என்று தட்டிக் காட்டினார். காசு கொடுத்துக் கேட்டவர்களுக்குக்கூட இவ்வளவு சுத்தமாக அவர் செய்து கொடுத்து நான் பார்த்ததில்லை.

அடியில் ஈரப் பஞ்சு. பக்கத்தில் சூட்டுக்கு ஒரு சின்ன பல்பு. உள்ளே தெர்மாமீட்டர். வார்டில் எப்படியோ அப்படியே. வேலைக்குப் போகுமுன் ஒரு தரமும் வந்ததும் ஒரு தரமும் தண்ணீர் தெளிக்கிறேன். வாரம் ஒரு நாள் கியூபைக் குழாயடிக்குத் தூக்கிப் போய்ப் பக்கமெல்லாம் துடைத்துக் கொண்டுவருகிறேன். தராசில் வைத்துப் பார்த்தோம், எட்டுக் கிலோ. முதல் நாள் உன் அண்ணன் தூக்கப் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் ஒரு கையில் அதையும் மறு கையில் வாளியையும் எடுத்துக்கொண்டு நடந்தேன். சிரித்தால் அவருக்குக் கோபம் வருகிறது, அதனால் குழாயடியில் நின்று சிரித்துக்கொண்டேன்.

இப்போது பூனை சாம்பல் போய்ப் பச்சைப்பசேல் என்று ஆகிவிட்டது. வேலைக்குப் போகும்போது "போய்ட்டு வரேன்" என்று அதனிடமும் சொல்லிவிட்டுப் போகிறேன். பைத்தியம் என்று நினைக்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி


ஆகஸ்ட் 18

அண்ணி, ஐயோ அண்ணி!

நலம் விசாரிப்பெல்லாம் அப்புறம். முதலில் எழுந்துபோய் அந்த மூடியைத் திறங்கள். திறந்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

திறந்தாயிற்றா? இப்போது சொல்லுங்கள், எல்லோரும் நலமா? நான் நலம். மத்தியானம் சோறும் பருப்பும். சத்தியமாக.

பூனை மதிலில் பிறந்தது. வெயில், காற்று, எப்போதோ பெய்யும் மழை, இதில்தான் அதற்குச் சுகம். அதற்கு வேர் கிடையாது, மண் வேண்டாம், உரம் வேண்டாம். இலையாலேயே தண்ணீர் குடிக்கும். தண்ணீர் இல்லையென்றால் சுருண்டு சாம்பலாகித் தூங்கும். நீங்கள் பார்த்துப் பயந்தது அதன் தூக்கத்தை. மாசக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் ஒரு மழைக்கு விழித்துக்கொள்ளும். எந்நேரமும் ஈரத்திலும் சூட்டிலும் அடைத்து வைத்தால்தான் அழுகிச் சாகும். இந்தத் தப்பைத் தனியாக யாராலும் செய்ய முடியாது. ஒரு நர்சும் ஒரு கண்ணாடிக்கடைக்காரரும் கல்யாணம் செய்துகொண்டால்தான் முடியும்.

அது என்ன குறைமாதக் குழந்தையா அண்ணி, கண்ணாடிக்குள் வைத்துக் காப்பாற்ற? ஜன்னலுக்கு வெளியே திண்டு மேல் வையுங்கள். காலை வெயில் படட்டும். ரொம்ப நாள் மழை இல்லையென்றால் மட்டும் காலையில் ஒரு கை தெளியுங்கள். மற்றபடி அதைக் கண்டுகொள்ளாதீர்கள். கண்டுகொள்ளாமல் இருப்பதுதான் அதற்குச் செய்யும் சேவை. உங்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
உங்கள் வாயாடி


நவம்பர் 4

அன்புள்ள வாயாடிக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பதில் எழுத இவ்வளவு நாள் ஆகிவிட்டது. உன் மேல் கோபம் என்று நீ நினைத்திருப்பாய். குறைமாதம் என்ற அந்த ஒரு வார்த்தையைப் படித்ததும் கடிதத்தை மடித்து வைத்தேன், அது உண்மை. சாயங்காலம் மறுபடியும் எடுத்துப் படித்தபோது கண்ணாடிக்கடைக்காரர் கல்யாணத்தில் சிரித்துவிட்டேன். கோபமெல்லாம் அன்றோடு போயிற்று. அதற்கப்புறம்தான் எழுத முடியாமல் போனது. காலையில் எழுந்தால் தலையைத் தூக்க முடியவில்லை. சோறு கொதிக்கும் வாசனையே ஆகவில்லை. பயப்படும்படி எதுவும் இல்லை.

பூனை விஷயத்துக்கு வருகிறேன். மூடியைத் திறந்தபோதே ஒரு பக்கம் கறுத்து வாடை வந்துவிட்டது. பாதி போய்விட்டது, பாதி இருக்கிறது. ஜன்னல் திண்டில் வைத்திருக்கிறோம். உன் அண்ணன்தான் தூக்கி வைத்தார். நான் தூக்கவில்லை, கனமாக இருக்கிறது. இப்போதெல்லாம் ராத்திரி டியூட்டியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பெட்டியைக் கழுவித் துடைத்து அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிட்டார். அங்கே நீ பின்னிக் கொடுத்த குட்டி மஞ்சள் ஸ்வெட்டர்கள் இரண்டும் இருக்கின்றன. இரண்டு முறை இந்த வீட்டிலிருந்து நல்ல செய்தி போனது. நீ சந்தோஷத்தில் ஊருக்கெல்லாம் சொன்னாய். அதில் தப்பில்லை, சந்தோஷத்தை மூடி வைக்க உனக்குத் தெரியாது. ஆனால் அப்புறம் ஒவ்வொருவராக வந்து துக்கம் விசாரித்தபோது, இரண்டு முறையும் கதவைத் திறந்தது நான்தான். "எப்படி இருக்கே?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் காபி போட்டுக் கொடுத்தேன்.

அதனால் இனிமேல் இந்த வீட்டிலிருந்து செய்தி என்று எதுவும் வராது. பாசி வளர்ப்பு மட்டும்தான். அதைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கேள்.

உன் அண்ணி


நவம்பர் 25

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நலம். அங்கே எல்லோரும் நலமா? இந்த முறை தலை எண்ணவில்லை. எல்லோரும் என்றால் எல்லோரும்.

உங்கள் கடிதத்தைப் படித்தேன். கேஸ் சிலிண்டரை உருட்டாமல் தூக்கிக்கொண்டு மாடியேறுகிற என் அண்ணிக்கு எட்டுக் கிலோ கனக்கிறதாம். அந்த வரியைப் படித்ததும் எழுந்து வெளியே போய்விட்டேன். ஆற்றங்கரையில் நின்று என்ன செய்தேன் என்று எழுதமாட்டேன். சமையல்காரர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, லாட்டரி கீட்டரி விழுந்துச்சா?" என்றார். "பாசிங்க, பாசி நல்லாருக்காம்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் எதையும் கேட்கவில்லை. யாரிடமும் எதையும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, பாசி வளர்ப்புதானே. தவளை தன் வாயால் கெட்டால் பரவாயில்லை. இந்தத் தவளை வாயைத் திறந்தால் கெடுவது வேறு யாரோ. பூட்டிவிட்டேன். சாவி உங்களிடம்.

இப்போது பாசிக்கு வருகிறேன். கறுத்த பக்கத்தை ஒரு சின்னக் கரண்டியால் மெல்ல எடுத்துவிடுங்கள். பச்சை இருக்கும் பக்கத்தைத் தொடாதீர்கள். பாதி போனதை நினைத்துக் கலங்க வேண்டாம். இருக்கிற பாதி தானாகப் பரவும். அவசரப்படுத்தினால் பரவாது. ஒரு வருஷத்தில் நகத்தின் அகலம் வளர்ந்தாலே அது ஓட்டப்பந்தயம் ஓடியதாக அர்த்தம்.

கியூபை இனிமேல் நீங்கள் தொடவே வேண்டாம். இடுப்பு ஒடிந்தாலும் அண்ணனே தூக்கட்டும். அவனுக்கு இடுப்பு எதற்கு?

புளிப்பாக ஏதாவது சாப்பிடுங்கள். இது பாசிக்குச் சொன்னதாக வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் ஊமை நாத்தனார்


டிசம்பர் 30

அன்புள்ள ஊமைக்கு,

எல்லோரும் நலம். உன் ஊரில் குளிர் அதிகம் என்று பேப்பரில் படித்தேன். காதை மூடிக்கொண்டு வேலை செய். நீ வாயை மூடிக்கொண்டிருக்கும் அதிசயத்தை உன் அண்ணனிடம் சொன்னேன். "பாலம் இடிஞ்சு விழுந்தாலும் விழும், இது நடக்காது" என்கிறார்.

இப்போது சோறு இறங்குகிறது. வார்டில் தலைமை நர்ஸ் என்னைப் பார்த்து எதையும் கேட்காமல் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். அந்த வார்டில் யாருக்கும் யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியிருக்காது.

பாசி பற்றி ஒரு சந்தேகம். எடுத்த பக்கம் வெறும் கான்கிரீட்டாக இருக்கிறது. இருக்கிற பக்கத்திலிருந்து நூல் மாதிரி சின்னச் சின்னக் காம்புகள் கிளம்பியிருக்கின்றன. ஒவ்வொன்றின் நுனியிலும் கடுகைவிடச் சின்னதாக ஒரு தலை. ஆனால் ஒன்றுகூட நிமிர்ந்து நிற்கவில்லை. எல்லாம் கழுத்து ஒடிந்த மாதிரி வளைந்து, தலையை மெத்தைக்குள்ளேயே புதைத்துக்கொண்டிருக்கின்றன. வார்டில் இப்படி ஒரு பிள்ளை தலையைத் தூக்காமல் கிடந்தால் நான் டாக்டரைக் கூப்பிட்டிருப்பேன். நேற்று ஒன்றை மட்டும் ஊசி முனையால் மெல்ல நிமிர்த்திப் பார்த்தேன். ஒடிந்துவிட்டது.

ஒரு நூல் ஒடிந்ததற்கு இவ்வளவு வருத்தப்படுவார்களா என்று நீ கேட்பாய். நான் வருத்தப்பட்டேன். உன் அண்ணன், "அதுல இன்னும் எத்தனையோ இருக்கு பாரு" என்று சமாதானம் சொன்னார். எண்ணிக்கையில் சமாதானம் ஆகிற ஆள் நான் இல்லை என்று அவருக்கும் தெரியும், வேறு எதைச் சொல்வது என்று தெரியாமல் சொன்னார்.

இது என்ன நோய்? மருந்து உண்டா?

உன் அண்ணி


ஜனவரி 20

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். எல்லோருக்கும் என் அன்பு. காதை மூடியிருக்கிறேன், வாயையும். இருமலுக்கு மட்டும் திறக்கிறேன்.

நோய் இல்லை அண்ணி! அது அதன் குணம். மற்ற பாசியெல்லாம் தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். இந்தப் பாசிக்கு மட்டும் கூச்சமோ, விவரமோ, முற்றுகிற வரை காம்பை வளைத்துத் தலையை மெத்தைக்குள் மறைத்து வைத்திருக்கும். குளிருக்கும் காற்றுக்கும் அகப்படாது. நீங்களும் நானும் பார்க்க முடியாது. வேளை வரும்போது யாரும் நிமிர்த்தாமலே தானாக நிமிரும். அதற்கும் என்னைப் போலத் தலையில் ஒரு தொப்பி உண்டு. நிமிர்ந்த பிறகு அது கழன்று விழும். தலைக்குள்ளிருந்து பச்சைத் தூள் பறக்கும். ஒவ்வொரு தூளும் ஒரு பூனை.

அதுவரைக்கும் கிள்ளிப் பார்க்கக் கூடாது. ஒடிந்தது ஒடிந்ததுதான், விடுங்கள். தெரியாமல் செய்ததற்கு மதிலில் பிறந்தது கோபித்துக்கொள்ளாது. மறைந்திருக்கிற விஷயத்தை மறைந்திருக்க விடுங்கள். விஷயம் தெரிந்தவர்களும் தெரியாத மாதிரி ஜன்னலைத் தாண்டிப் போகட்டும்.

என் பங்குக்கு நானும் ஒரு தியாகம் செய்கிறேன். இங்கே ஞாயிற்றுக்கிழமை செய்ய வேலையே இல்லை. பெட்டியில் நூல்கண்டு இருக்கிறது, ஊசி இருக்கிறது, கை நமநமவென்று அரிக்கிறது. தொடவில்லை. இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒருவருக்காக ஸ்வெட்டர் பின்னாமல் இருப்பதும் அன்புதான் என்று எனக்கு இந்த வருஷம்தான் தெரிந்தது.

அண்ணனிடம் சொல்லுங்கள், பாலம் இன்னும் விழவில்லை.

உங்கள் ஊமை


மார்ச் 3

அன்புள்ள ஊமைக்கு,

நலம்தான். நீ நலமா? இருமல் விட்டதா?

போன வாரம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். இப்போது உட்கார்ந்தால் எழுவதற்கு நேரமாகிறது. ஒரு காக்கா வந்து திண்டில் இறங்கியது. கூட்டுக்கு மெத்தை வேண்டுமோ என்னவோ, பூனையை ஒரு கொத்துக் கொத்திப் பிடுங்கியது. நான் கத்திக்கொண்டே எழுவதற்குள் ஒரு கொத்து அதன் வாயில். இன்னொரு கொத்து கீழே விழுந்து கிடந்தது. அதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு அழுதேன். அப்படி ஒரு அழுகை. உன் அண்ணன் கடையிலிருந்து சாப்பிட வந்தவர் பதறிப்போய், "என்ன ஆச்சு, என்ன ஆச்சு?" என்றார். பாசியைக் காட்டினேன். பாசிக்குத்தான் அழுகிறேன் என்று நம்பியது போல நடித்தார். பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தக் காக்கா நாசமாப் போவ" என்று நெடுநேரம் திட்டினார். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை.

உன்னிடம் சொன்னால் என்ன. எனக்குப் பயமாக இருக்கிறது. எங்கள் வார்டில் இத்தனை வருஷம் வேலை பார்த்தவளுக்கு எதெது எப்போது கெட்டுப்போகும் என்று வரிசையாகத் தெரியும். ஒன்றும் தெரியாத பெண்கள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு பஸ்ஸில் தூங்கிப்போகிறார்களே, அவர்கள் கொடுத்துவைத்தவர்கள். நான் ஒரு நிமிஷம் அசைவில்லை என்றால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். எதையும் மூடி வைத்துப் பல்பு போட்டுக் காப்பாற்ற முடிந்தால் செய்துவிடுவேன். கண்டுகொள்ளாமல் இரு என்கிறாய். எப்படி இருப்பது?

பாசியைப் பற்றித்தான் சொல்கிறேன்.

உன் அண்ணி


மார்ச் 21

என் அண்ணிக்கு,

நான் நலம், இருமல் போய்விட்டது. உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு நானும் அழுதேன். பாசிக்குத்தான்.

அண்ணனிடம் சொல்லி ஒரு துண்டு கம்பிவலையை வளைத்துக் கியூப் மேல் கவிழ்க்கச் சொல்லுங்கள். கண்ணாடி வேண்டாம், வலை. காற்று போகும், காக்கா போகாது. கீழே விழுந்த கொத்தை எறிந்துவிட்டீர்களா? எறியவில்லை என்று எனக்குத் தெரியும், எங்கேயோ தட்டில் வைத்திருப்பீர்கள். அதை அந்த வெறும் கான்கிரீட் பக்கத்தில் வைத்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, விரலால் ஒரு முறை அழுத்துங்கள். அது பிடித்துக்கொள்ளும். உதிர்ந்த துண்டிலிருந்துகூட முழுப் பூனையாக வளர அதற்குத் தெரியும்.

எப்படிக் கண்டுகொள்ளாமல் இருப்பது என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியவில்லை அண்ணி. சும்மா பெரிய இவள் மாதிரி சொல்லிவிட்டேன். நான் வார்த்த கான்கிரீட்டை நானே போய்த் தட்டித் தட்டிப் பார்க்கிறேன். பயந்துகொண்டே இருங்கள். பயப்படுவதால் எதுவும் கெட்டுப்போகாது. பயமாக இருக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், பாசி என்று போட்டு.

உங்களுடையவள்


ஏப்ரல் 16

தங்கச்சிக்கு அண்ணன் எழுதுவது,

நான் நலம். நீ நலமா? நான் கடைசியாக எழுதியது பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர். அதனால் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்.

பாசி நலம். வலை போட்டிருக்கிறேன். காக்கா வந்து பார்த்துவிட்டு ஏமாந்து போகிறது. அந்தத் துண்டு பிடித்துக்கொண்டுவிட்டது.

வேறு எதையும் எழுதக் கூடாது என்று உன் அண்ணிக்குச் சத்தியம் செய்திருக்கிறேன். அதனால் எழுதமாட்டேன். அவளுடைய ஆஸ்பத்திரிக்குத் தினமும் போகிறேன் என்பதை மட்டும் எழுதுகிறேன். போன வெள்ளிக்கிழமையிலிருந்து போகிறேன். இன்னும் ஒன்றரை மாதம் கழித்துப் போக வேண்டியது, சீக்கிரமே போகும்படி ஆகிவிட்டது.

அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. நான் செய்ததைவிட நல்ல வேலை. மூடி ஓரம் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனாலும் காற்றுக்கு வழி விட்டிருக்கிறார்கள், அது எனக்குத் தோன்றாமல் போய்விட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதமாட்டேன். பக்கவாட்டில் கை விட வட்டமாக இரண்டு ஓட்டை இருக்கிறது. நேற்று கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி உள்ளே விடச் சொன்னார்கள். கண்ணாடி வெட்டி வெட்டிக் காய்த்துப்போன கை, குத்துமோ என்று பயந்துகொண்டே விட்டேன். விரலைப் பிடித்துக்கொண்டது. எது என்று கேட்காதே.

உன் அண்ணி பக்கத்திலேயே யூனிஃபார்ம் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறாள். மெஷின் சத்தம் கொடுத்தால் எழுந்து ஓடுகிறாள். மற்ற நர்சுகள், "உக்காரு, உக்காரு, இங்க நீ இப்ப நர்ஸ் இல்ல, அம்மா" என்று பிடித்து உட்கார வைக்கிறார்கள். இந்த வரியை அடித்துவிட வேண்டும். பேனாவில் மை கம்மியாக இருக்கிறது, அடிக்க முடியவில்லை. நீயே படிக்காமல் விட்டுவிடு.

டாக்டர் இன்னும் கொஞ்ச நாள் பார்க்கணும் என்கிறார். பார்க்கணும் என்றால் நல்லதா கெட்டதா என்று அவளைக் கேட்டேன். அவளுக்குத் தெரியும். மறுபடியும் கை கழுவப் போய்விட்டாள்.

அண்ணன்


மே 2

அன்புள்ள அண்ணிக்கும் அண்ணனுக்கும்,

எல்லோரும் நலமாக இருக்க வேண்டும் என்று மட்டும் எழுதுகிறேன். நான் எப்படியோ இருக்கிறேன்.

அண்ணனுடைய கடிதத்தில் ஒரு வரியைப் படிக்காமல் விடச் சொல்லியிருந்தான். விட்டுவிட்டேன். தினமும் எடுத்து எடுத்துப் படிக்காமல் விடுகிறேன்.

உடனே ஓடி வந்திருப்பேன். பாலத்துக்குப் பாரம் ஏற்றிப் பார்க்கும் வேலை நேற்றுதான் நடந்தது. அதற்கு நான் இங்கே இருந்தே ஆக வேண்டும். மணல் நிரப்பிய லாரிகளை வரிசையாக ஏற்றி நிறுத்தினோம். நான் அடியில் அளவுமானியைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். பாலம் ஒரு மயிரிழை தாழ்ந்தது. அண்ணி, எனக்கு உயிரே போய்விட்டது. லாரிகளெல்லாம் இறங்கிப் போனதும் அது மெல்ல எழுந்து, இருந்த இடத்துக்கே வந்து நின்றது. உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்டில் கண்ணாடிப் பெட்டியைப் பற்றி நான் எழுதியதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பூனைக்குத்தான் அது கூடாது. சிலருக்கு வேண்டும். அந்தப் பெட்டி நன்றாக இருக்கட்டும், அதைச் செய்தவன் நன்றாக இருக்கட்டும், அதில் பல்பு மாட்டியவன் பிள்ளைகுட்டியோடு நன்றாக இருக்கட்டும். மூடியைத் திற என்று இந்த முறை நான் சொல்லமாட்டேன். எப்போது திறக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும்.

கணக்கெல்லாம் எழுதி ஒப்படைத்துவிட்டு மாசக் கடைசியில் கிளம்பி வருகிறேன். ஊசி நூல் எதையும் தொடவில்லை. பூட்டும் அப்படியே இருக்கிறது.

உங்கள் ஊமை


மே 23

அன்புள்ள அத்தைக்கு,

இந்த ஒரு வார்த்தையை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். உன் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று முகம் கழுவப் போயிருக்கிறார். அவர் வருவதற்குள் எழுதி முடிக்கிறேன்.

உன் மருமகளைப் போன செவ்வாய்க்கிழமை பெட்டியிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தார்கள். எத்தனையோ அம்மாக்களின் கையில் நான் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். "கழுத்தைப் பிடிச்சுக்கோங்க, பயப்படாதீங்க" என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். அதையே எனக்குச் சொன்னார்கள். புதிதாகக் கேட்பவள் போலத் தலையாட்டிவிட்டுக் கழுத்தைப் பிடித்துக்கொண்டேன். நேற்று வீட்டுக்கு வந்துவிட்டோம். பால் குடிக்கிறாள், தூங்குகிறாள், விழித்தால் வீடு இரண்டுபடும்படி கத்துகிறாள். யாருடைய வாய் என்று உன் அண்ணனுக்குச் சந்தேகமே இல்லை.

மேல் தட்டிலிருந்து உன் மஞ்சள் ஸ்வெட்டர்கள் இரண்டையும் இறக்கித் துவைத்துக் காயப்போட்டேன். இரண்டும் இவளுக்குப் பெரிது. இப்போதைக்கு ஒன்றைப் போர்வையாகப் போர்த்தியிருக்கிறேன். சின்னதாக ஒன்று பின்னிக்கொண்டு வா. பஸ்ஸிலேயே உட்கார்ந்து பின்னு, யாராவது யாருக்கு என்று கேட்டால் சொல்லு.

பூனை பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். நாங்கள் வீட்டில் இல்லாத நாளில், யாரும் பார்க்காதபோது, எல்லாத் தலையும் நிமிர்ந்துவிட்டிருக்கிறது. நீ சொன்ன தொப்பியெல்லாம் கழன்று விழுந்திருக்கிறது. இன்று காலை தடவினேன், விரலில் பச்சைத் தூள் ஒட்டியது. தட்டிவிட்டேன், எங்கெங்கே போகிறதோ போகட்டும்.

இன்னொன்று. நாங்கள் இதுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை. சித்தப்பாவுக்குத் தெரியாது, பக்கத்துத் தெருக்காரர்களுக்குத் தெரியாது, கடைக்கு வருகிறவர்களுக்குத் தெரியாது. அத்தனை பேரையும் உனக்காக விட்டு வைத்திருக்கிறோம். தண்ணீர்த் தொட்டி மேல் ஏறு, போனை எடு, உன் வாய் வலிக்கும்வரை சொல்லு. யாராவது பார்க்க வந்தால் கதவை நான்தான் திறப்பேன்.

கடிதத்தின் தொடக்கத்தில் எழுத வேண்டியதைக் கடைசியில் எழுதுகிறேன். பூனை, உன் மருமகள், உன் அண்ணன், நான், இங்கே நாலு பேரும் நலம். இந்த முறை தலை எண்ணிவிட்டேன்.

உன் அண்ணி